காலங்கடந்த மரியாதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கூடைப்பந்தாட்டத்தில் கீர்த்தி பெற்றவர்களுக்கென்று ஒரு மண்டபம் இருக்கிறது. அதில் ஜான் மக்லெண்டன் என்பவரின் பெயர் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. 1979-ம் வருஷத்தில், அவர் உயிரோடிருந்தபோது, ஆட்டத்திற்குத் துணைபுரிந்தவர் என்ற வகுப்பில் ஒரு தடவை. 2016-ம் வருஷத்தில், அவர் காலஞ்சென்ற பதினேழாவது வருஷத்தில், பயிற்சியாசிரியர் என்ற வகுப்பில் மறு தடவை. கலாசாலைக் கோஷ்டிகளை இருபத்தைந்து வருஷ காலம் பழக்கி, 523 ஆட்டங்களில் ஜயமும் 165 ஆட்டங்களில் மாத்திரமே அபஜயமும் கண்ட ஒருவரைப் பயிற்சியாசிரியர் என்று ஒப்புக்கொள்வதற்கு இன்னுமொரு முப்பத்தேழு வருஷம் யோசிக்க வேண்டியிருந்தது!

இதைக் கௌரவம் என்று கொண்டாடுவோர் கொண்டாடட்டும். பழைய கடன் ஒன்று வட்டியில்லாமல் அடைபட்டதாகவே நாம் இதைக் கருதுகிறோம். அக்கடன் ஏற்பட்ட விதத்தை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடத் தக்க விஷயமன்று அது. யாருடைய வெற்றி ஏட்டில் ஏறுகிறது, யாருடைய வெற்றி ஏறாமற் போகிறது என்பது ராஜ்ய விஷயங்களில் எப்படியோ அப்படியேதான் பந்தாட்ட மைதானத்திலும்.

மக்லெண்டன் 1915-ம் வருஷம் கான்ஸாஸ் மாகாணத்தில் ஹையவாதா என்னும் சிற்றூரில் கறுப்பர் குடும்பமொன்றில் பிறந்தவர். 1933-ல் கான்ஸாஸ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1891-ம் வருஷக் குளிர்காலத்தில் ஸ்பிரிங்பீல்டு ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இரண்டு பழக்கூடைகளை உயரே அடித்து மாட்டி இவ்வாட்டத்தை உண்டுபண்ணிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற பெரியார் அப்போது அங்கேதான் ஆசிரியராயிருந்தார். (அந்தச் சங்கத்தாரின் வழியாகவே ஆட்டம் நமது சென்னைக்கும் வந்தது. 1920-ல் ஹாரி பக் என்பவர் இங்கே ஸ்தாபித்த தேகப்பயிற்சிக் கலாசாலையை அறியாதவர் யார்?) நெய்ஸ்மித் மக்லெண்டனைத் தம் மாணாக்கனாக ஏற்றுக்கொண்டார். ஆனால் சர்வகலாசாலைக் கோஷ்டியில் ஆடக் கறுப்பருக்கு இடமில்லை. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் காலடியிலிருந்து ஆட்டத்தின் சாஸ்திரத்தைக் கற்ற மாணாக்கன், அந்தக் கலாசாலையின் பெயரால் ஒரு நாளும் பந்தைத் தொடவில்லை.

நீச்சற்குளத்திலும் இதே கதைதான். மக்லெண்டன் இறங்கிக் கரையேறினதும் குளத்து நீர் முழுவதையும் வடித்துவிட்டார்களாம். குளமும் கிணறும் யார் யாருக்கு மறுக்கப்பட்டன என்பதை நன்கறிந்த தேசத்தில் இருந்துகொண்டு இதை நாம் விவரித்து எழுத வேண்டியதில்லை. வெட்கத்தோடு படித்துக்கொள்ள வேண்டியதுதான். மக்லெண்டன் பின்வாங்கவில்லை. குருவும் பக்கத்தில் நின்றார். 1936-ல், அச்சர்வகலாசாலையில் தேகப்பயிற்சிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பர் என்ற பெயரோடு அவர் வெளியே வந்தார். ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடலாம். நெய்ஸ்மித் தாமே கான்ஸாஸ் கோஷ்டிக்குப் பயிற்சியளித்த காலத்தில் ஜயித்தவை 55, தோற்றவை 60. ஆட்டத்தைச் சிருஷ்டித்தவருக்கு வெற்றியில் அவ்வளவு நாட்டமில்லை. சிஷ்யன் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தான்!

மறு வருஷம் நார்த் கரோலினா மாகாணத்து டர்ஹாம் நகரில், நீக்ரோக்களுக்கான நார்த் கரோலினா கலாசாலை என்று அந்நாளில் பெயர் தாங்கிய கலாசாலையில் அவர் வேலைக்கு அமர்ந்தார். 1940-ல் தலைமைப் பயிற்சியாசிரியரானார். அக்காலத்துக் கூடைப்பந்து நிதானமான ஆட்டம். பந்து கைமாறியதும் ஆட்டக்காரர்கள் மெதுவாக நடந்து எதிர்ப்புறம் சேர்ந்து, அங்கே அணிவகுத்து நின்று, அதன் பிறகே கூடையை நோக்குவார்கள். மக்லெண்டன் இதைத் தலைகீழாக மாற்றினார். பந்து கைக்கு வந்த கணமே ஐந்து பேரும் ஓட வேண்டும். எதிரி திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கூடையில் விழ வேண்டும். எதிரியிடம் பந்து இருக்கும்போதும் தங்கள் கூடைக்கடியில் காத்து நிற்கக் கூடாது. மைதானம் முழுவதிலும் அவனைத் தொடர்ந்து நெருக்க வேண்டும். பந்து எங்கேயோ அங்கேதான் ஆட்டம் என்பது நெய்ஸ்மித்திடம் அவர் பெற்ற பாடம். இந்த ஓட்டத்திற்கு மூச்சு வேண்டுமே! ஆகவே பிள்ளைகளை நாள்தோறும் ஓடவிட்டு மூச்சைப் பழக்கினார். இன்று உலகெங்கும் ஆடப்படும் கூடைப்பந்து இந்த வேக ஆட்டந்தான். டர்ஹாமில் பன்னிரண்டு வருஷங்களில் அவர் கோஷ்டி 239 ஆட்டங்களில் ஜயித்து 68-ல் மாத்திரம் தோற்றது. பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் கோஷ்டியில் பத்து முறை சாம்பியன் பட்டம் பெற்ற ஸாம் ஜோன்ஸ் அங்கே அவர் கையில் தேறியவர்.

அவ்வளவு வெற்றியும் யாரை எதிர்த்து? கறுப்பர் கலாசாலைகளை எதிர்த்துத்தான். வெள்ளையர் கோஷ்டியோடு ஆடச் சட்டமும் வழக்கமும் இடங்கொடுக்கவில்லை. அதே ஊரில், சில மைல் தூரத்தில், டியூக் சர்வகலாசாலை இருந்தது. யுத்த காலத்தில் அதன் வைத்தியப் பள்ளியில் படித்த ராணுவ மாணவர்கள் ஒரு கோஷ்டி சேர்த்திருந்தார்கள். பல கலாசாலைகளில் பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் அதில் இருந்தார்கள். மக்லெண்டன் கோஷ்டியோ அந்தப் பருவம் முழுவதிலும் ஒரே ஆட்டந்தான் தோற்றிருந்தது. யார் வல்லவர் என்ற பேச்சு இரு பக்கத்து மாணவர்களுக்கும் இடையே எழுந்து, கடைசியில் ஆடித்தான் பார்ப்போம் என்று முடிந்தது.

1944-ம் வருஷம் மார்ச் மாதம் 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் முழுவதும் மாதாகோயிலில் இருந்த வேளை. டியூக் மாணவர்கள் மோட்டார் வண்டிகளில் சுற்று வழியாக வந்து, தலையை மூடிக்கொண்டு கறுப்பர் கலாசாலையின் ஆட்டக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர் கிடையாது. முதற் சில நிமிஷங்களில் இரு சாராருக்கும் கை நடுங்கியது. அப்பால் மக்லெண்டனின் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். முடிவு 88-க்கு 44.

இதைவிட முக்கியமானது பின்னே நடந்தது. இரண்டு கோஷ்டியையும் கலந்து, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பக்கத்தில் நின்று மறுபடி ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஆடி முடிந்ததும் மாணவர் விடுதியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, வந்த வழியே டியூக் மாணவர்கள் திரும்பினார்கள். விஷயம் தெரிந்த பத்திரிகைக்காரரும் எழுதவில்லை. ஐம்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1996-ல், ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற சரித்திராசிரியர் வெளியிட்ட பிறகே உலகம் இதை அறிந்தது.

இப்பேர்ப்பட்ட வெற்றியைப் பகிரங்கப்படுத்தாமல் மறைத்தது கோழைத்தனமன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அவ்வாட்டம் நடந்து நான்கு மாதங்களுக்குள், அதே டர்ஹாம் நகரில், புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்புப் படைவீரர், பஸ்ஸில் பின் ஆசனத்துக்குப் போகத் தாமதித்த குற்றத்திற்காக, வெள்ளைக்கார ஓட்டுநரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓட்டுநரைக் குற்றவாளியல்ல என்று ஜூரிகள் விடுதலை செய்தார்கள். மக்லெண்டனுக்கு அன்று வயது இருபத்தெட்டு. தம் உத்தியோகம் மட்டுமா? மாகாண சர்க்காரின் பணத்தில் நடந்த கலாசாலையும், தம்மை நம்பி வந்த பிள்ளைகளின் உயிரும் அவர் கையில் இருந்தன. ஆடாமலே இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். தைரியத்தை இரைச்சலால் அளப்பவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் அந்த அளவுகோலை நாம் ஏற்பதற்கில்லை.

பூட்டின கதவுக்குள் நிரூபித்ததைத் திறந்த மைதானத்தில் நிரூபிக்கும் காலமும் வந்தது. கறுப்பர் கலாசாலைகளுக்குத் தேசியப் போட்டியில் இடம் கேட்டு மக்லெண்டனும் அவர் தோழர்களும் கலாசாலை விளையாட்டுக்களின் பெரிய ஸ்தாபனமான என்.சி.ஏ.ஏ.யிடம் மன்றாடிப் பார்த்தார்கள். பலனில்லை. சிறிய கலாசாலைகளின் சங்கமான என்.ஏ.ஐ.ஏ. 1953-ல் கதவைத் திறந்தது. மறு வருஷம் நாஷ்வில் நகரத்து டென்னஸி ஏ. அண்டு ஐ. கலாசாலையின் பயிற்சியாசிரியராக மக்லெண்டன் சென்றார். அச்சங்கத்தின் போட்டி ஒன்றுக்காகக் கான்ஸாஸ் ஸிட்டிக்கு அழைப்பு வந்தபோது அவர் ஒரே நிபந்தனை விதித்தார். மற்றக் கோஷ்டிகள் தங்கும் ஹோட்டலிலேயே தம் பிள்ளைகளும் தங்க வேண்டும். அவர்கள் உண்ணும் இடத்திலேயே இவர்களும் உண்ண வேண்டும். இல்லையேல் வருவதற்கில்லை! நிபந்தனை ஏற்கப்பட்டது. அந்த ஹோட்டல் வாசலில் அவர் பெற்ற வெற்றியைக் கிண்ணங்களின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நாம் அதை முதலாவதாகச் சேர்ப்போம்.

கிண்ணங்களும் வந்தன. முப்பத்திரண்டு கோஷ்டிகள் ஒரே வாரத்தில் மோதும் போட்டி அது. பட்டம் பெறுவோர் ஐந்து ஆட்டங்களில் அடுத்தடுத்து ஜயித்தாக வேண்டும். 1957 இறுதி ஆட்டத்தில் ஸௌத்ஈஸ்டர்ன் ஒக்லஹோமா கோஷ்டியை 92-க்கு 73 என்று டென்னஸி முறியடித்தது. நிற வேற்றுமையின்றி எல்லாரும் ஆடிய தேசியப் போட்டியில் கறுப்பர் கலாசாலை ஒன்று பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. 1958-ல் வெஸ்டர்ன் இல்லினாயை 85-க்கு 73. 1959-ல் பஸிபிக் லூதரனை 97-க்கு 87. டிக் பார்னெட், ஜான் பார்ன்ஹில் முதலிய வீரர்கள் அக்கோஷ்டியின் தூண்கள்.

தேசிய வீரர்களாகத் திரும்பிய இப்பிள்ளைகளுக்குத் தங்கள் நாஷ்வில் நகரத்துக் கடைவீதிச் சிற்றுண்டிச் சாலைகளில் உட்கார்ந்து ஒரு கோப்பைக் காப்பி அருந்த உரிமையில்லை. மூன்று பட்டங்களும் அந்த உரிமையை வாங்கித் தரவில்லை. அதை வாங்கியது வேறொரு படை. நாக்பூரில் மூன்று வருஷம் தங்கிக் காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைக் கற்றுச் சென்ற ஜேம்ஸ் லாஸன் என்ற பாதிரியார் நாஷ்வில் மாணவர்களை ரகசியமாக அல்ல, பகிரங்கமாகவே பழக்கினார். 1960-ம் வருஷம் பெப்ருவரி மாதம் அச்சிற்றுண்டிச் சாலைகளில் போய் அமர்ந்து, அடியும் சிறையும் ஏற்று, அவ்வருஷமே கடைக்காரர்களைப் பணியவைத்த மாணவர்களில் டென்னஸி ஏ. அண்டு ஐ. கலாசாலையாரும் இருந்தார்கள். ஆட்டக்காரன் வேலையையும் சத்தியாக்கிரகியின் வேலையையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஊரில், ஒரே கலாசாலையில் நடந்தன என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

மக்லெண்டனின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிளீவ்லாந்து பைப்பர்ஸ் என்னும் தொழில்முறைக் கோஷ்டியை நடத்தி, உரிமையாளரோடு பிணங்கி, 1962-ல் பருவத்தின் நடுவிலேயே விலகினார். 1966-ல் கிளீவ்லாந்து ஸ்டேட் சர்வகலாசாலைக்குத் தலைமைப் பயிற்சியாசிரியராகி, வெள்ளையரே பெரும்பான்மையான சர்வகலாசாலையில் அப்பதவி வகித்த முதற் கறுப்பரானார். அங்கே வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். 1969-ல் டென்வரிலும் அப்படியே. இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. கட்டை விரலை வெட்டிவிட்டு வில்லைக் கொடுப்பது போல, ஐம்பது வயதுக்கு மேல் தோற்கும் கோஷ்டிகளை ஒப்படைத்தவர்கள், அவர் வில்வித்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமலிருந்தால் போதும்.

அமெரிக்காவில் கூடைப்பந்தின் நிறச்சுவர் எப்போது இடிந்தது என்று கேட்டால், 1966 என்பார்கள். டெக்ஸஸ் வெஸ்டர்ன் கலாசாலை ஐந்து கறுப்பு வீரர்களை இறக்கிக் கெண்டக்கியை வென்ற வருஷம் அது. அதைப் பற்றிச் சினிமாப் படமும் வந்துவிட்டது. அவ்வெற்றியை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அது பெரிய ஸ்தாபனத்தின் போட்டி என்பதும் மெய்யே. ஆனால் அந்தப் பெரிய ஸ்தாபனத்தின் கதவு மூடியிருந்ததற்கு மக்லெண்டனா பொறுப்பாளி? அந்தக் கோஷ்டியின் பயிற்சியாசிரியர் வெள்ளையர். அதற்கு ஒன்பது வருஷம் முந்தி, கறுப்பர் கலாசாலை, கறுப்பு வீரர்கள், கறுப்புப் பயிற்சியாசிரியர் என்று மூன்றும் சேர்ந்து பெற்ற பட்டம் எப்படி மறந்து போயிற்று?

மறக்கவிடாமல் போராடியவர் பழைய மாணாக்கர் டிக் பார்னெட். நியூயார்க் நிக்ஸ் கோஷ்டியில் 1970-லும் 1973-லும் சாம்பியனாக விளங்கிய அவர், முதுமையில் வருஷக்கணக்காக எழுதியும் பேசியும் வாதாடினதன் பயனாக, டென்னஸிக் கோஷ்டி 2019-ல்தான் ஸ்பிரிங்பீல்டு மண்டபத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2024 ஏப்ரலில், உயிரோடு எஞ்சியிருந்த வீரர்கள் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டார்கள். மறு வருஷம் பார்னெட் காலமானார்.

அதே 2024-ம் வருஷம் அமெரிக்க பேஸ்பால் சங்கத்தார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கறுப்பர்கள் தனியே ஆட நேர்ந்த பழைய லீகுகளின் கணக்கைத் தங்கள் அதிகாரபூர்வமான ஏட்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பழைய பேர்கள் கீழே இறங்கின. புதிய பேர்கள் மேலே ஏறின. வானம் இடிந்து விழவில்லை. கூடைப்பந்துச் சரித்திரம் எழுதுவோரும், அதை மொழிபெயர்த்துப் போடும் நம்மவர்களும், 1966-க்கு முன்னே 1957-ஐ எழுதிக்கொள்ளட்டும். பூட்டின கொட்டகையில் நடந்த 1944-ம் வருஷத்து ஆட்டத்துக்கும் ஒரு வரி இடம் விடட்டும்.