விலாசம் யாருடையது?

என் மாமாவுக்கு ராயபுரத்தில் ஆபீஸ். தொழில், சி.எச்.ஏ. அரசாங்கம் 2013-லேயே அந்தப் பெயரை கஸ்டம்ஸ் புரோக்கர் என்று மாற்றிவிட்டது. ஹார்பர் பக்கம் யாரும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. இன்னமும் சி.எச்.ஏ. தான்.

நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்பதால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படித்தான் ஒருநாள், "இன்னாடா மாப்ளே, நம்ம மெயில் எல்லாம் ஸ்பாமுக்குப் போவுதுன்றாங்க" என்றார். சொந்த டொமைன், அதில் ஐந்து மெயில் ஐடி, எல்லாம் வெப்சைட்டோடு சேர்த்து ஒரே ஹோஸ்டிங்கில். பார்த்தால் அதே சர்வரில் குடியிருக்கும் வேறு யாரோ குப்பை மெயில் அனுப்பி, சர்வரின் ஐ.பி.யையே கறுப்புப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் செய்த கூத்துக்கு நமக்கும் சேர்த்து பைன். ஹோஸ்டிங்காரர்களிடம் சொன்னோம். "பார்க்கிறோம் சார்" என்றார்கள். மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதில் என்ன பெரிய பிரச்சினை என்பவர்களுக்கு: கப்பல் வருகிற அரைவல் நோட்டீஸ், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர் எல்லாமே மெயிலில்தான் ஓடுகிறது. ஒரு மெயில் தவறினால் பெட்டி யார்டில் கிடக்கும். ப்ரீ டேஸ் முடிந்த மறுநாளிலிருந்து மீட்டர் ஓடும், அதுவும் டாலரில்.

சரி, மெயிலை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு. டொமைன் மாமாவின் பெயரிலேயே இல்லை! எட்டு வருஷம் முன்னால் வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் பெயரில், தன் மெயில் ஐடியில் பதிவு செய்திருக்கிறான். அவன் இப்போது துபாயில். நல்ல பையன், கேட்டதும் கொடுத்துவிட்டான். கொடுக்காமல் போயிருந்தால்? மாமா இருபது வருஷமாக நடத்தும் ஆபீஸின் விலாசம் இன்னொருத்தர் கையில். வாடகைக் கட்டிடத்துக்கு அக்ரிமென்ட் போடுகிறவர், பெயர்ப்பலகைக்கே சொந்தக்காரர் யார் என்று பார்க்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு வேலை சுலபம்தான். டி.என்.எஸ்.ஸில் எம்.எக்ஸ் ரெக்கார்டு என்று ஒன்று உண்டு. இந்த டொமைனுக்கு வரும் தபாலை எந்த சர்வரில் போடவேண்டும் என்று உலகத்துக்குச் சொல்வது அதுதான். முந்தின நாளே அதன் டி.டி.எல்.லை ஐந்து நிமிஷமாகக் குறைத்து வைத்தேன், மாற்றினால் சட்டென்று எல்லா இடத்திலும் தெரியட்டும் என்று. பழைய மெயில்களை ஐமேப் வழியாக நகல் எடுத்தேன். எஸ்.பி.எப் ரெக்கார்டைத் திருத்தி, டி.கே.ஐ.எம் சாவி போட்டு, சனிக்கிழமை ராத்திரி எம்.எக்ஸை மாற்றினேன். டெஸ்ட் மெயில் வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திருவொற்றியூர் பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை போன். அம்பத்தூர் பார்ட்டி ஒருவர் ஞாயிற்றுக்கிழமையே இன்வாய்ஸ் அனுப்பிவிட்டாராம். இங்கே வரவில்லை. பவுன்சும் ஆகவில்லை. அவர் பக்கம் 'சென்ட்' என்று காட்டுகிறது. மாமா என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

தேடியதில் தெரிந்தது இது. அம்பத்தூர்காரரின் மெயிலும் அதே பழைய சர்வரில்தான் இருக்கிறது. அந்த சர்வர் இன்னமும் மாமாவின் டொமைனைத் தன் வீட்டு ஆள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கொடுக்கவேண்டிய தபாலுக்கு வெளியே எம்.எக்ஸ் எதற்குப் பார்க்கவேண்டும்? எடுத்து, யாரும் திறக்காத பழைய பெட்டியில் போட்டுவிட்டது. வெப்சைட்டின் என்கொயரி பார்ம் மெயில்களும் அங்கேயே தூங்கின. கன்ட்ரோல் பேனலில் மெயில் ரூட்டிங்கை 'லோக்கல்' என்பதிலிருந்து 'ரிமோட்' என்று மாற்றவேண்டும். ஒரே ஒரு க்ளிக். வழிகாட்டிப் பக்கங்கள் பலவும் இதைக் கடைசி வரியில், பொடி எழுத்தில் வைத்திருக்கின்றன. நான் கடைசி வரி வரை படிக்கவில்லை. இரண்டு நாள் டிட்டென்ஷன் பணத்தை மாமா தன் கையிலிருந்து கட்டினார்.

இவ்வளவு தலைவலிக்கு ஜிமெயிலே போதுமே என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மொபைலில் 2011 ஜனவரியில் நாடு முழுக்க போர்ட்டபிலிட்டி வந்தபோது, கம்பெனியை மாற்றினாலும் நம்பர் மாறாது என்று எல்லாரும் கொண்டாடினோம். மெயிலுக்கு அந்த வசதி 1986-லேயே எம்.எக்ஸ் ரெக்கார்டாக வந்துவிட்டது. ஒரே நிபந்தனை, டொமைன் நம்முடையதாக இருக்கவேண்டும்.

இதற்கு டெல்லியிலிருந்தே உதாரணம் உண்டு. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில், நம்ம சென்னைக் கம்பெனி ஸோஹோவின் தளத்துக்கு மாறிவிட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. 2023-ல் கொடுத்த ஏழு வருஷ ஒப்பந்தம் அது. அவர்களில் யாரும் புது ஐடியை ஊருக்கெல்லாம் அறிவிக்கவில்லை. முடிவது அதே என்.ஐ.சி டாட் இன், ஜி.ஓ.வி டாட் இன் தான். அதே மாதம் உள்துறை அமைச்சர் அமித் ஷாவும் ஸோஹோ மெயிலுக்கு மாறினார். அது கம்பெனியின் டொமைனில் முடியும் ஐடி. அதனால் விலாசம் மாறிவிட்டது, குறித்துக்கொள்ளுங்கள் என்று அவரே எல்லாருக்கும் சொல்லவேண்டியிருந்தது. அமைச்சர் சொன்னால் நாடே குறித்துக்கொள்ளும். ராயபுரம் சி.எச்.ஏ. சொன்னால் எந்த ஷிப்பிங் லைன் குறித்துக்கொள்ளப்போகிறது?

வி.எஸ்.என்.எல் 1995-ல் இன்டர்நெட்டைக் கொண்டுவந்த காலத்தில் மெட்ராஸ் கம்பெனிகளின் லெட்டர்ஹெட்டில் ஜி.ஐ.ஏ.எஸ்.எம்.டி என்று தொடங்கி வி.எஸ்.என்.எல் டாட் நெட் டாட் இன் என்று முடியும் நீளமான ஐடி இருக்கும். மாமாவின் பழைய பைல்களில் பார்த்தேன். அந்த வி.எஸ்.என்.எல்.லே 2008-ல் டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆகிவிட்டது. கூகுளும் அப்படித்தான். சொந்த டொமைனுக்கு 2006-லிருந்து இலவசமாக மெயில் கொடுத்தது, 2012-ல் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தியது, 2022-ல் இருப்பவர்களையும் காசு கட்டச் சொன்னது. பிறகு சொந்த உபயோகத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது. அன்றைக்கு டொமைன் கையில் இருந்தவர்கள் வேறு இடத்துக்குப் போக முடிந்தது.

சொந்த டொமைனிலும் ஓர் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. புதுப்பிக்க மறந்தால் வேறு யாரேனும் அதை வாங்கலாம். உங்களுக்கு வரும் இன்வாய்ஸ் அத்தனையும் அவருக்குப் போகும். ஜிமெயிலில் இந்தப் பயம் இல்லை என்பது உண்மைதான்.

மாமா ஆபீஸ் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதியை அதன் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவைப்பார். போன வாரம் போனபோது அதற்குக் கீழே இன்னொரு தேதி இருந்தது. பக்கத்தில் 'டொமைன் - மாப்ள' என்று எழுதியிருந்தார்.