இலை கொட்டினா செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

போன வாரம் மெஸ் சாம்பாரைத் திட்டித் தீர்த்தாச்சு. இந்த வாரம் எங்க ஹாஸ்டல் ரூம்ல குடியிருக்கிற நாலாவது ஆளைப் பத்திச் சொல்றேன். அட்டெண்டன்ஸ் பிரச்னை கிடையாது, அரியர் கிடையாது, யாரோட சோப்பையும் சுட மாட்டார். பெயர்... குரோட்டன்ஸ்!

'ப்பூ... ரயில்வே ஸ்டேஷன்லயும் கல்யாண மண்டப வாசல்லயும் சும்மா நிக்குமே, அதுவா?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. முழுக்கதையையும் கேளுங்க.

கும்பகோணம் பக்கத்துல எங்க அப்பாயி வீடு. திண்ணையை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு குரோட்டன்ஸ் நிக்கும். பச்சை இலையில மஞ்சள் நரம்பு ஓடும். இலைக்கு வயசாக ஆக ஆரஞ்சாகி, கடைசியில நல்ல சிவப்பாயிடும். எங்க அப்பா பிறந்த வருஷம் அப்பாயி நட்டு வெச்சது. போன வருஷம் அந்த வீட்டை வித்துட்டோம். வாங்கினவர் இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறார். அப்பாயி சென்னைக்கு, சித்தப்பாவோட ஃப்ளாட்டுக்கு ஷிஃப்ட். கிளம்புற அன்னிக்கு பீரோ, உரல், ஊஞ்சல் எதையும் திரும்பிப் பார்க்காத அப்பாயி, என்கிட்ட மட்டும் மெதுவா, "அந்தச் செடியில ரெண்டு குச்சி ஒடிச்சு எடுத்துக்கடா" என்றது.

நான் கெத்தா ஆறு குச்சி ஒடிச்சேன்.

"எதுக்குடா இதைத் தூக்கிட்டு வந்தே? நர்சரியில புதுசாவே கிடைக்குமே" என்றான் ரூம்மேட். விஷயமே அங்கதான் இருக்கு மச்சான்! குரோட்டன்ஸ்ல நூற்றுக்கணக்கான ரகம் உண்டு. விதை போட்டு முளைக்க வெச்சா, அம்மா செடி மாதிரியே வரும்னு சொல்ல முடியாது. குச்சி வெட்டி வெச்சா அச்சு அசல் அதே செடி. அதாவது, என் கையில இருந்தது திண்ணையோரத்துச் செடியோட வாரிசு இல்லை... அந்தச் செடியேதான்!

ஆனா, நம்ம கைராசி தெரியும்ல? முதல் ரெண்டு குச்சியைக் களிமண்ல நட்டு, மூணு வேளையும் தண்ணி ஊத்தினேன். அழுகிப்போச்சு. அடுத்த ரெண்டை மொட்டை மாடி வெயில்ல வெச்சேன். அப்பளமாயிடுச்சு. அஞ்சாவது குச்சியை வேர் விட்டுச்சான்னு தினமும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன், ரிசல்ட் அன்னிக்கு ரெஃப்ரெஷ் அமுக்குற மாதிரி. அதுவும் அவுட்.

மிச்சம் ஒண்ணே ஒண்ணு. ஊர்ல இதுக்குள்ள புல்டோசர் வந்துட்டுப் போயாச்சு. இனி ஒடிக்க அங்கே செடி இல்லை.

ஓடிப்போய் எங்க காலேஜ் தோட்டக்கார அண்ணன் கால்ல விழுந்தேன். "தம்பி, படிச்ச புள்ளை பண்ற வேலையா இது?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். நோட் பண்ணிக்கோங்க. பென்சில் கனத்துல அரையடி நுனிக்குச்சி போதும். அடியில இருக்கிற இலையைக் கிள்ளிட்டு மேல ரெண்டு மூணை மட்டும் விடணும். வெட்டின இடத்துல வடியுற சாறு தோல்ல பட்டா சிலருக்கு அரிக்கும், சட்டையில பட்டா கறை போகாது. அதனால அதைத் துடைச்சு, கொஞ்ச நேரம் காய விடணும். பாதி ஆத்து மணல், பாதி தேங்காய் நார்க்கழிவு கலந்து நட்டு, தண்ணி பாட்டிலோட அடியை வெட்டிட்டு மேல கவுத்துடணும். உள்ளே ஈரக்காத்து நிக்கும். நேர் வெயில் படாத, ஆனா வெளிச்சமான இடத்துல வெச்சுட்டு, முக்கியமா... தொடாம இருக்கணும்!

அஞ்சாவது வாரம் லேசா இழுத்துப் பார்த்தேன். அசையலை. வேர் பிடிச்சாச்சு! ஹாஸ்டலே அதிர்ற மாதிரி ஒரு விசில்.

சந்தோஷத்துல செடியைத் தொட்டிக்கு மாத்தி, ரூமுக்குள்ள என் கட்டில் ஓரமா கொண்டாந்து வெச்சேன். அங்கதான் ஏழரை. அடுத்த வாரமே இலை ஒவ்வொண்ணா கொட்ட ஆரம்பிச்சுது. பத்தே நாள்ல மொட்டைக் குச்சி!

இங்கே அப்பாயி மேட்டர் ஒண்ணு சொல்லணும். சென்னைக்குப் போனதிலிருந்து சரியா சாப்பிடறதில்லை, யார்கிட்டயும் பேசறதில்லைன்னு சித்தி புலம்பிட்டு இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணா மட்டும் ஒரே ஒரு கேள்வி வரும். "செடி எப்படிடா இருக்கு?" நானும் "சூப்பரா இருக்கு அப்பாயி"ன்னு வாரா வாரம் புளுகினேன். ஒருநாள், "ஒரு போட்டோ புடிச்சு அனுப்பேன்" என்றதும் எனக்கு வேர்த்துடுச்சு. வைவால முழிக்கிற மாதிரி முழிச்சு, கடைசியில உண்மையைக் கக்கிட்டேன்.

திட்டும்னு நினைச்சேன். சிரிச்சுது! "நகத்தால குச்சியை லேசா சுரண்டிப் பாருடா" என்றது. சுரண்டினேன். தோலுக்கு அடியில பச்சை! "அப்போ உசுரு இருக்கு. இடம் மாறினா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். தண்ணியை ஊத்தி ஊத்தி நச்சரிக்காம, வெளிச்சத்துல வெச்சுட்டுப் பேசாம இரு."

செடியைத் தூக்கி கிழக்குப் பார்த்த வராண்டாவில் வெச்சேன். காலை வெயில் அங்கே நல்லா வரும். விரலை மண்ணுல ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. மூணு வாரம் கழிச்சு ஒரு துளிர் வந்துது. ஆனா, வெறும் பச்சை! 'கலர் எங்கே?'ன்னு பதறினேன். அதுக்கும் விடை உண்டு. இலைக்குப் பச்சை தர்றது பச்சையம், மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு, சிவப்பு, ஆந்தோசயனின். இளசுல பச்சைதான் தூக்கலா இருக்கும். முத்த முத்த, நல்ல வெளிச்சம் கிடைச்சா மத்த கலரெல்லாம் வெளியே வரும். இருட்டு மூலையில வெச்சா, கிடைக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க செடி பச்சையத்தைக் கூட்டிக்கும், கலர் மங்கிடும். என் கட்டில் ஓரத்துல நடந்திருக்க வேண்டியது அதுதான்!

இன்னும் ரெண்டு டிப்ஸ். இலைக்கு அடியில வெள்ளையா மாவுப்பூச்சி வந்தா, ஈரத்துணியால துடைச்சுட்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலமா தெளிங்க. குட்டிப் பசங்களும் நாய்க்குட்டியும் இலையைக் கடிக்காம பார்த்துக்கோங்க, லேசான நச்சுத்தன்மை உண்டு. கொசுறா ஒரு தகவல்: லின்னேயஸ் 1753-ல் இதை 'குரோட்டன்' கூட்டத்துல சேர்த்தார். பின்னாடி விஞ்ஞானிகள் 'கோடியேயம்'னு வேற பேரினத்துக்கு மாத்திட்டாங்க. நிஜமான குரோட்டன், நம்ம சித்த மருந்துல பேதிக்குக் கொடுக்கிற நேர்வாளம்! ஆனா, நம்ம வாயில பழைய பேரே நிலைச்சுப்போச்சு.

சரி, அப்பாயி? அன்னிக்கு போனை வெச்சதும், 'இடம் மாறினா கொஞ்ச நாள் அப்படித்தான்'னு அது சொன்னது செடியைப் பத்தியா, தன்னைப் பத்தியான்னு ஒரு டவுட். உடனே சித்திக்கு போன் போட்டு, அப்பாயியோட நாற்காலியை டி.வி. ரூம்லேர்ந்து பால்கனிக்கு மாத்தச் சொன்னேன். இந்தப் பொங்கலுக்கு என் செடியிலிருந்து ஒரு குச்சியை வேர் பிடிக்க வெச்சு, அங்கேயே கொண்டுபோய் வெச்சுட்டு வந்தேன். இப்ப போன் பண்ணா, மூணாவது இலையில மஞ்சள் எட்டிப் பார்க்குதுன்னு கால் மணி நேரம் பேசுது. நான்தான் 'கிளாஸுக்கு டைமாச்சு'ன்னு கெஞ்ச வேண்டியிருக்கு!

உங்க வீட்லயும் யாராவது வீடு மாறப் போறாங்களா? லாரியில சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி, வாசல் செடியில ரெண்டு குச்சி வெட்டிக்கோங்க. ரெண்டு போதாது, ஆறா வெட்டுங்க. அனுபவஸ்தன் சொல்றேன்!

அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா?