முயல் தந்த விடை

(கருத்துக் கட்டுரை)

திருப்பதிக்கு நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான அடியார்கள் வருகின்றனர். தமிழகத்திலிருந்து சித்தூர் வழியாக நடந்தே வருவோரும் உளர். இன்று அவர்கள் காலராவை எண்ணி அஞ்சுவதில்லை. தூய குடிநீர் அரிதாயிருந்த 19ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. இந்தியத் திருத்தலங்களில் மக்கள் திரண்டபோது வாந்திபேதி எனப்பட்ட அந்நோயும் பரவி, பல உயிர்களைப் பறித்தது. அந்த அச்சம் தணியத் தூய நீர் முதற்காரணம். நோயின் இயல்பை மனிதன் அறிந்துகொண்டது மற்றொரு காரணம். அவ்வறிவைப் பெற முயல்களின் உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது. அது முறையா என்பது சிந்திக்கத்தக்க வினா.

விலங்குக்கு வராத நோய்

ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் அதுவே என்றார். அக்கிருமியை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மனிதருக்கு வருவது போன்ற காலரா அவற்றுக்கு வரவில்லை. உடலின் நீரைக் கிருமி எவ்வாறு வற்றச் செய்கிறது என்பது அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தெளிவாகவில்லை.

அதே நகரில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் சம்புநாத் டே வினாவையே மாற்றினார். ‘முயலுக்குக் காலரா வருமா?’ என்று அவர் கேட்கவில்லை. ‘கிருமி குடலுக்குள் தங்கினால் குடல் என்ன செய்யும்?’ என்று கேட்டார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருமுனைகளிலும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து உப்பியிருந்தது. இவ்வாய்வு 1953இல் வெளிவந்தது. பின்னர்க் கிருமிகளை வடிகட்டி நீக்கிய நீர்மத்தை மட்டும் செலுத்தியபோதும் அதே விளைவு உண்டாயிற்று. கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959இல் அவர் உலகுக்கு அறிவித்தார்.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடல் நீரை உறிஞ்சும் என்பதும் விலங்குக் குடலில் நிகழ்ந்த ஆய்வுகளால் தெரியவந்தது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக் காலரா நோயாளிகள் பலரைக் காத்தார். இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அச்சிறு பொட்டலத்தின் பின்னே விலங்குகளின் பங்கும் உள்ளது.

இரு தரப்பும் நடுநிலையும்

‘விலங்குச் சோதனை அனைத்தையும் நிறுத்துக’ என்பர் ஒரு சாரார். அவர்தம் அருள் போற்றத்தக்கது. முயலிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. ஆயினும் நீர் வற்றிக் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த காலத்தில், நோயின் வழியை அறிய அன்று வேறு என்ன செய்திருக்க இயலும் என்பதற்கும் அவர்கள் விடை கூற வேண்டும்.

‘மனிதநலமே பெரிது, விலங்கு ஒரு கருவி’ என்பர் மறுசாரார். இது அறத்துக்கும் பொருந்தாது, அறிவியலுக்கும் பொருந்தாது. விலங்கு மனிதனின் சிறுபடி அன்று. எலியிடம் பலித்த மருந்து மனிதனிடம் பலிக்காமல் போவதுண்டு. எத்தனை விலங்குகளைச் சோதித்தனர் என்பதால் அறிவு வளர்வதில்லை. எவ்வளவு கூர்மையாக வினவினர் என்பதாலேயே வளர்கிறது. கோக்கின் தோல்வியும் டேயின் வெற்றியும் உணர்த்துவது இதுவே.

1959இல் இரசல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். மதுரையில் பிறந்த நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் விலங்குகளுக்காகக் குரல் கொடுத்தார். அவர் முயற்சியின் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் சோதனையைத் தடை செய்யவில்லை. இயன்றவரை மயக்கமருந்து கொடுக்க வேண்டும் என்றும், நூலும் மாதிரியுருவும் படமும் போதுமான இடத்தில் விலங்கைத் தவிர்க்க வேண்டும் என்றும் நெறி காட்டுகிறது. 2023இல் புதுமருந்துச் சோதனை விதிகள் திருத்தப்பட்டு, விலங்கல்லாத முறைகளுக்கும் இடமளிக்கப்பட்டது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனித உயிரணுக்களும் கணினியும் இன்று சில வினாக்களுக்கு விடை தருகின்றன.

மாற்று வழி இருக்கும்போது விலங்கை வருத்துவது பிழை. மாற்று இல்லாதபோது, நோய் தீர்க்கும் தெளிவான வினாவுக்காக, மிகச் சில விலங்குகளை, வலி தெரியாமல் பயன்படுத்துவது ஏற்கத்தக்கது. அவ்வாறு பயன்படுத்துவோர்க்கு அடுத்த முறை விலங்கின்றி விடை காணும் வழியைத் தேடும் கடமையும் உண்டு. திருப்பதியிலோ வேலூரிலோ நாளை மருத்துவமும் அறிவியலும் பயிலப்போகும் இளைஞர்க்கு அக்கடமை காத்திருக்கிறது.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
சாரார் – பிரிவினர்
சிறுபடி – சிறிய நகல்
நீர்மம் – திரவம்

சிந்தித்து எழுதுக

1. கோக், டே ஆகியோர் எழுப்பிய வினாக்கள் எவ்வாறு வேறுபட்டன?
2. 1960ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் நெறிகள் இரண்டினை எழுதுக.
3. கட்டுரையின் முடிவை நீ ஏற்கிறாயா? காரணம் காட்டிப் பத்து வரிகளில் எழுதுக.