எஃப் அண்ட் ஓ நஷ்டம்: பேராசை யாருடையது?

'பேராசை பெருநஷ்டம்' என்பது ஒரு காலத்தில் காசு கைவிட்டுப் போவதற்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை. இப்போது நிலைமை தலைகீழ். பணம் போடும்போது அதற்குப் பெயர் 'ஃபைனான்ஷியல் ஃப்ரீடம்'. போன பிறகுதான் 'உனக்குப் பேராசைப்பா' என்கிறார்கள்.

பங்குச்சந்தையின் ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் இதற்குச் சரியான உதாரணம். நிஃப்டி ஏறும் என்று நினைத்தால் சிறிய தொகையை பிரீமியமாகக் கட்டி 'கால் ஆப்ஷன்' வாங்கலாம். கணிப்பு பலித்தால் பல மடங்கு லாபம். எக்ஸ்பைரி நாளுக்குள் ஏறவில்லையா? கட்டிய பணம் அவ்வளவுதான்!

எவ்வளவு பேருக்கு நஷ்டம்?

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்கள் 1 கோடிக்கும் மேல். அவர்களில் 93% பேருக்கு நஷ்டம். மொத்தமாகப் போனது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். 30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானது. 2023-24இல் முக்கால்வாசிப் பேரின் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் கீழே.

அந்தப் பணம் எங்கே போனது?

2023-24இல் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடி ரூபாய் லாபம் பார்த்தனர். பெரும்பகுதி, கணினி அல்காரிதம் மூலம் வந்தது. புரோக்கரேஜ் உள்ளிட்ட செலவுகளுக்கே தனிநபர்கள் மூன்று ஆண்டுகளில் சுமார் 50,000 கோடி கட்டியிருக்கிறார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் கமிஷன் உண்டு.

இதே ஆசையோடு ஜெயிப்பவர் 'ஸ்மார்ட்'. தோற்கும் ஐடி ஊழியர் மட்டும் பேராசைக்காரர். இந்தக் கணக்குதான் இடிக்கிறது.

விதிகள் மாறினவா?

2024 நவம்பர் முதல் புதிய ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமானது. வாராந்திர எக்ஸ்பைரி, ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருங்கியது. ஆனாலும் 2024-25இல் 91% பேருக்கு நஷ்டம்தான்.

சம்பளம் பத்தாதபோது கூடுதலாக ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால், அடுத்த முறை ஒருவர் 'ஈஸியா சம்பாதிக்கலாம்' என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: நான் தோற்றால் யாருக்கு லாபம்?