டப்பா மேல எம்பெக்-4, உள்ளே பாதிதான்!

டிவிடி பிளேயர் டப்பா மேல "எம்பெக்-4 ஓடும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தா நம்பாதீங்க மக்களே. பொய்னு சொல்லலை. பொய்யா இருந்தா சண்டை போட்டுடலாம். இது அதைவிட மோசம்.. பாதி உண்மை.

சித்தப்பா கல்யாண வீடியோவை அண்ணன் சுருக்கி ரெண்டு டிஸ்க்ல எழுதி வெச்சிருந்தான். முதல் டிஸ்க் நிச்சயதார்த்தம், ரெண்டாவது முகூர்த்தம். தாத்தா வாய்விட்டுச் சிரிக்கிறது ரெண்டாவதுல மட்டும்தான். தாத்தா இப்ப இல்லை. அப்பத்தா டிவியில பார்க்கணும்னு கேட்டாங்க. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் பிளேயர் வாங்கினோம். முதல் டிஸ்க் ஜம்முனு ஓடிச்சு. ரெண்டாவதைப் போட்டா, "இந்த ஃபைல் ஓடாது". கடைக்காரர் சொன்னது: "தம்பி, உங்க ஃபைல்லதான் கோளாறு."

கோளாறு ஃபைல்ல இல்லை, பேருல. ரெண்டு ஃபைலுமே ஏவிஐ. ஏவிஐங்கிறது வெறும் தூக்குவாளி. உள்ள சாம்பாரும் இருக்கலாம், ரசமும் இருக்கலாம். வாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் ஃபைலுக்குள்ள இருந்தது எக்ஸ்விட். ரெண்டாவதுல ஹெச்.264.

இங்கதான் தில்லாலங்கடி வேலை. 1999-ல வந்த எம்பெக்-4 பகுதி 2-ஐ ஒட்டி வந்ததுதான் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் எல்லாம். 2003-ல வந்த பகுதி 10-தான் ஹெச்.264. ரெண்டுக்கும் குடும்பப் பேரு எம்பெக்-4. சுருக்குற முறையோ வேற வேற. முதல் பகுதியை மட்டும் படிக்கத் தெரிஞ்ச சிப்பைப் போட்டுட்டு, மொத்தக் குடும்பத்துப் பேரையும் டப்பா மேல ஒட்டிடறாங்க!

"2003-க்கு முன்னாடி செஞ்ச பிளேயருக்கு அது எப்படித் தெரியும்?"னு கேட்டா, நியாயம். கம்ப்யூட்டர்ல புது விஎல்சி இறக்கிக்கலாம், சிப்பை அப்படி மாத்த முடியாது. ஆனா நாங்க வாங்கினது ஹெச்.264 ஊரெல்லாம் பரவி பல வருஷம் கழிச்சு. செஞ்சவங்களுக்குத் தெரியாதா என்ன?

"மாத்தி எழுதிக்கவேண்டியதுதானே"ன்னு சில அறிவுஜீவிங்க சொல்றாங்க. மாத்தினேன் சாமி, ராத்திரி முழுக்க உக்காந்து. ஏற்கெனவே சுருக்கினதை மறுபடி சுருக்கினா படம் இன்னும் கெடும். தாத்தா முகத்துல இப்ப கட்டம் கட்டமா தெரியுது. அப்பத்தா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாங்க.

காமர்ஸ் படிக்கிறவன்கிறதால ஒண்ணு சொல்றேன். பொருளோட தரம், அளவு, விலை எல்லாம் தெரிஞ்சுக்கிற உரிமை நமக்கு இருக்குன்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்லுது. அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்லகூட எத்தனை கிராம்னு அச்சடிச்சிருக்கு. ஆயிரக்கணக்குல பணம் வாங்குற பெட்டிக்கு ரெண்டு வரி எழுத என்ன கேடு? எந்தப் பகுதி ஓடும், எந்தப் பகுதி ஓடாது, எந்த ஒலி கேட்கும். அவ்ளோதான். உள்ள இருக்கிற கையேட்டுல பொடி எழுத்துல இருக்குன்னு சொல்லாதீங்க. அதைப் படிக்கக் காசு கொடுத்து டப்பாவைப் பிரிக்கணுமே!

அதுவரைக்கும் வாங்கப் போறவங்க ஒரு பென் டிரைவ்ல உங்க ஃபைலையே எடுத்துட்டுப் போங்க. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்க. ஓடினா மட்டும் பணத்தை எடுங்க.

டிஸ்கி: ரெண்டாவது டிஸ்க்கோட மூல ஃபைலை அழிக்கலை. அதை அப்படியே ஓட்டுற பெட்டி கிடைக்கிற வரைக்கும் அழிக்கவும் மாட்டேன்.