மைதானத்துக்கு ஈடாகுமா?

டெலிவிஷன் முன் நின்று குதித்தும் குனிந்தும் ஆடும் வீடியோ விளையாட்டுகள் தேகப் பயிற்சிக்கு ஈடாகும் என்று சொல்லப்படுகிறது. 2006-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் ‘வீ’ இயந்திரம் இவற்றைப் பிரபலமாக்கியது. 2019-இல் வந்த ‘ரிங் ஃபிட்’ ஆட்டத்தில் கையில் வளையத்தை அழுத்தியும் இழுத்தும், தொடையில் கருவியைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். பஸ்கியும் எடுக்க வேண்டும். வியர்க்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் 2007-இல் லிவர்பூல் ஆராய்ச்சியாளர்கள் சிறுவர் சிறுமியரைச் சோதித்தபோது, உட்கார்ந்து ஆடுவதைவிட ‘வீ’ ஆட்டத்தில் கூடுதல் சக்தி செலவானாலும், அன்றாடம் தேவையான பயிற்சியின் கடுமையை அது எட்டவில்லை என்று தெரிந்தது. பழகியவர்கள் மணிக்கட்டைச் சுண்டியே ஜெயித்து விடுகிறார்கள் என்பது வேறு விஷயம்!

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நாளெல்லாம் நாற்காலியிலும் மின்சார ரயிலிலும் கழிக்கும் மும்பைக் குமாஸ்தாவுக்கு வேக நடையும் தண்டாலும் காசில்லாமலே இதைத் தரும். பல ஆயிரம் கொடுத்து இயந்திரத்தை வாங்கினாலும், ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழும் தாராவி வீட்டில் குதிக்க இடம் ஏது?

இடம் மைதானத்தில்தான் இருக்கிறது. சிவாஜி பார்க்கில் பிள்ளைகள் மல்லகம்பம் பழகுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வசதியுள்ளவர்கள் மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஆடட்டும், தவறில்லை. ஆனால் தொழிலாளர் வாழும் பகுதிகளில் இருக்கிற மைதானங்களைக் காக்கவும், வேலை முடிந்து இரவில் வருவோருக்காக அவற்றை விளக்கு வசதியுடன் திறந்து வைக்கவும் மாநகராட்சி ஆவன செய்ய வேண்டும்.