கட்ட வருகிறவர்கள் முதலில் கேட்கட்டும்

இடிந்துபோன ஆலயத்தைக் கட்டித் தருவதற்குத் தூர இடங்களிலிருந்து இளைஞர் குழுக்கள் வருவது நல்ல காரியம். சம்பளம் வாங்காமல், தன் விடுமுறையைச் செலவழித்து, முன்பின் அறியாத ஊரில் மண் சுமக்க ஒருவன் முன்வருகின்றான் என்றால் அவனைக் குறைகூற எமக்கு மனம் வராது. ஆயினும் இத்தகைய சிரமதானங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசப்படாத சில விடயங்கள் உண்டு. அவர்களை யார் அழைத்தது? எதைக் கட்டுவதென்று யார் தீர்மானித்தது? வந்தவர்கள் வேலை செய்தபோது ஊரவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பல இடங்களில் கடைசிக் கேள்விக்குரிய விடை, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.

இதைப் பற்றிச் சிந்திக்க உதவும் வரலாறு ஒன்று ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கின்றது. எம்மைப் போலவே வீட்டையும் மாட்டையும் இழந்து இடம்பெயர்ந்த மக்களின் கதை அது. ஆகவே சற்று விரிவாகவே சொல்லுகின்றோம்.

நோர்வே நாட்டின் வடக்கெல்லையில் இருப்பது பின்மார்க் மாகாணம். குளிர்காலத்தில் வாரக்கணக்காகச் சூரியன் உதிக்காத பிரதேசம் அது. கரையோர மக்கள் மீன்பிடித்தும், சில மாடுகளையும் செம்மறிகளையும் வளர்த்தும் சீவித்தார்கள். அவர்களுள் பலர் சாமி என்னும் பழங்குடியினர். (எமது சாமிக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.) 1940 முதல் நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த ஜேர்மன் படை, சோவியத் படை முன்னேறியதனால் 1944 ஒக்டோபரில் அங்கிருந்து பின்வாங்கத் தொடங்கியது. பின்னால் வருகிறவனுக்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது என்பது ஹிட்லரின் கட்டளை. ஏறக்குறைய 50,000 மக்கள் வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். போக மறுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் குகைகளிலும் புற்றரை வேய்ந்த குடிசைகளிலும் ஒளிந்து அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். சுமார் 11,000 வீடுகளும் 4,700 மாட்டுக் கொட்டில்களும் எரிக்கப்பட்டன. பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் கோவில்களும் அவற்றோடு போயின.

1945 இல் போர் முடிந்தது. உடனே திரும்ப வேண்டாம், அங்கே ஒன்றுமில்லை என்றார்கள் அதிகாரிகள். சனங்கள் கேட்கவில்லை. படகுகளில் ஏறித் தங்கள் கரைக்கே போய், தற்காலிகக் கொட்டில்களில் இருந்துகொண்டு வேலையைத் தொடங்கினார்கள். இதை வாசிக்கும் எம்மவருக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

அந்தக் கரையிலே கொக்கெல்வ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே இன்று நிற்கும் சிறிய வெள்ளை மரக் கோவில் 1960 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டப் போனவர்கள் ஜேர்மன் இளைஞர்கள். பதினைந்து, பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் எரித்துவிட்டுப் போனவர்களின் அடுத்த தலைமுறை என்றே சொல்லலாம்.

இவர்களை அனுப்பியது 'பரிகார அடையாளச் செயற்பாடு' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் இயக்கம். அதைத் தொடங்கியவர் லோதர் கிரைசிக். அவர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த பொதுநிலையினர், தொழிலால் நீதிபதி. நாசி ஆட்சி மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் இரகசியமாகக் கொன்றுகொண்டிருந்தபோது, தம் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருந்தவர்கள் காணாமற் போவதைக் கண்டு, 1940 இல் நீதி அமைச்சருக்கே எழுதி எதிர்த்தவர். இதனால் பதவி போயிற்று. பிறகு தமது பண்ணையில் பயிர்ச்செய்கையில் ஈடுபட்டார். அந்தப் பண்ணையிலே யூதப் பெண்கள் இருவரைப் போர் முடியும்வரை ஒளித்து வைத்திருந்தார். 1958 ஏப்ரலில் பேர்லினில் கூடிய திருச்சபை மன்றத்தில் இந்த மனிதர் வாசித்த அறைகூவலில் இருந்து பிறந்ததுதான் அந்த இயக்கம்.

அந்த அறைகூவல் ஒரு பக்கத்திற்குள் அடங்கிவிடும். அதில் மூன்று விடயங்கள் எம்மைக் கவர்ந்தன. முதலாவது, நடந்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுகின்றது. போரைத் தொடங்கியது ஜேர்மானியராகிய நாமே, இலட்சோபலட்சம் யூதரைக் கொன்றதும் நாமே, அதை விரும்பாதவர்களும் தடுப்பதற்குப் போதியளவு செய்யவில்லை என்று சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்ளுகின்றது. அடுத்து, துன்புற்ற நாடுகளின் மக்களிடம் அது அனுமதி கேட்கின்றது. உங்கள் மண்ணில் எங்கள் கைகளால் நன்மையொன்று செய்ய இடந்தருவீர்களா என்பதே அதன் விண்ணப்பம். உதவி செய்ய வருகின்றோம் என்ற அறிவித்தல் அங்கே இல்லை. எதைச் செய்வது என்பதையும் அது அவர்களிடமே விட்டுவிடுகின்றது. ஊர், குடியிருப்பு, கோவில், ஆஸ்பத்திரி அல்லது நீங்கள் விரும்பும் வேறெந்தப் பொதுக் காரியமும் ஆகலாம் என்கின்றது. நோர்வேயில் ஓரிடத்தில் கோவில் என்றால் இன்னோரிடத்தில் ஊனமுற்றோர் இல்லத்து வேலை.

அனுமதி கேட்பது வெறும் மரியாதைப் பேச்சல்ல. கேட்கின்றவன் 'வேண்டாம்' என்ற பதிலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அறைகூவலில் இஸ்ரேலின் பெயர் 1958 இலேயே இருந்தது. முதற் குழு அங்கு போக முடிந்ததோ 1961 இல்தான். அதுவரை காத்திருந்தார்கள். புண்பட்டவர்கள் கதவைத் திறக்கும்வரை வெளியே நிற்பதும் அந்தப் பணியின் ஒரு பகுதி என்றே நாம் கருதுகின்றோம்.

கொக்கெல்வின் காலக்கணக்கையும் பாருங்கள். எரிந்தது 1944 இல். கோவில் 1960 இல். இடையில் மக்கள் வீட்டையும் கொட்டிலையும் படகையும் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். எமது ஊர்களிலோ இந்த ஒழுங்கு சிலவேளை தலைகீழாகிவிடுகின்றது. தகரக் கொட்டிலில் படுத்தெழும்பும் குடும்பங்களுக்கு நடுவே மாபிள் பதித்த ஆலயம் எழும்புகின்றது. பங்குத்தந்தைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஆசை இருப்பது இயற்கைதான். கொடையாளிகளுக்கும் கிணற்றைவிடக் கோபுரமே படத்தில் நன்றாக விழும். ஆனால் தூர்ந்த கிணறு இறைக்கப்படாமல், உடைந்த வாய்க்கால் திருத்தப்படாமல் இருக்கும் ஊரில் முதலில் கட்டவேண்டியது எதுவென்று அங்கு பயிர் செய்கின்றவனிடம் கேட்டால் அவன் சொல்லுவான். ஆலயமே முதலில் வேண்டும் என்று அவன் சொன்னால் அதுவும் சரியே. செபிக்க ஒரு கூரை, ஊர் கூட ஓரிடம், செத்தவர்களை நினைக்க ஓரிடம் இல்லாமல் பலருக்கு ஊருக்குத் திரும்பியதாகவே தோன்றாது. தீர்மானம் அவனுடையதாக இருக்க வேண்டும் என்பதே எமது வாதம்.

இத்தகைய பயணம் ஒருவழிப் பாதையாக இருக்கவேண்டியதில்லை என்பதற்குக் கொவென்றி சான்று. இங்கிலாந்தின் அந்நகரத்துப் பேராலயம் 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மன் குண்டுவீச்சில் அழிந்தது. புதிய பேராலயம் 1962 மே மாதம் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதங்களில் ஜேர்மன் இளைஞர் குழுவொன்று பழைய இடிபாட்டின் ஒரு பகுதியைத் திருத்திச் சர்வதேச சந்திப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. பின்னர் 1965 இல் கொவென்றியிலிருந்து பிரித்தானிய இளைஞர்கள் டிறெஸ்டன் நகருக்குப் போய், 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சில் அழிந்த ஆஸ்பத்திரியொன்றைக் கட்ட உதவினார்கள். டிறெஸ்டனில் ஏறக்குறைய 25,000 பேரைக் கொன்ற அந்தக் குண்டுகள் பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் போட்டவை. குண்டு வாங்கிய ஊரிலிருந்தே தம் நாடு குண்டு போட்ட ஊருக்கு ஆட்கள் புறப்பட்டுப் போனார்கள்.

பிரான்சிலுள்ள தெய்சே துறவியர் குழுமத்தின் ஒப்புரவு ஆலயமும் இந்த இயக்கத்து இளைஞர்கள் கட்டியதே. 1962 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில், 1971 உயிர்த்த ஞாயிறுக்கு வந்த சனத்தைக் கொள்ள இடம் போதாமல் அதன் ஒரு பக்கச் சுவரையே இடித்துக் கூடாரம் போட வேண்டியதாயிற்று! கட்டியவர்களைக் கேட்டு இடித்தார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆலயம் அங்கிருப்பவர்களுடையது. 'இன்ன குழுவின் அன்பளிப்பு' என்று வாசலில் பெரிய கல்வெட்டு வைக்க விரும்புகின்றவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1995 ஜூலை 9 இல் நவாலி ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு வீழ்ந்ததை மறந்தவர் எம்மில் இல்லை. தெற்கிலிருந்து சிங்கள இளைஞர்கள் வடக்கே வந்து ஆலயச் சுவர் கட்டினால் அதை நாம் மனதார வரவேற்போம். ஆனால் இங்கே என்ன நடந்தது என்பதைக் கேட்டறிந்து வரட்டும். சுவருக்கு வெள்ளையடித்து, பாட்டுப் பாடி, படமெடுத்து, 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று சொல்லிவிட்டுப் போவதாயின் அது பரிகாரமும் அல்ல, உறவும் அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி அந்தக் குழுவோடு சேர்ந்து கல் சுமக்க மாட்டேன் என்று ஒதுங்கி நின்றால் அவளை யாரும் வற்புறுத்தக் கூடாது. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யவும் கூடாது.

அதேபோல நாம் புறப்பட்டுப் போகவேண்டிய இடங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். பல்லாயிரம் பேர் கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். எருக்கலம்பிட்டி மக்கள் எத்தனை ஆண்டுகளைப் புத்தளத்துக் கொட்டில்களில் கழித்தார்கள் என்பது மன்னாருக்குத் தெரியும். எமது பங்கு இளைஞர்கள் அப்படியொரு ஊருக்குப் போய், 'உங்கள் பள்ளிவாசலிலோ கிணற்றிலோ எங்களுக்கு ஒரு வேலை தருவீர்களா?' என்று கேட்டால் அவர்கள் என்ன பதில் சொல்லுவார்கள் என்று நாம் ஊகிக்க முடியாது. கேட்டுப் பார்க்கலாம். வேண்டாமென்றால் திரும்பி வரலாம். அடுத்த வருடமும் கேட்கலாம்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாந்துக் கரண்டியைப் பிடித்தறியாதவர்கள் கட்டிய சுவரை மேசன் பிறகு பிரித்துக் கட்டுவது உலகமெங்கும் நடப்பது. ஆகவே ஊர் மேசனும் ஊர்த் தச்சனும் கூலியோடு தலைமை தாங்க, வந்தவர்கள் அவர்களுக்குக் கையாளாக நிற்கட்டும். ஒரு குழுவின் பயணச் செலவில் எத்தனை மேசன்மாருக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கின்றார்கள். அந்தக் கணக்கு நியாயமானதே. ஊர்க்காரன் வாங்கவேண்டிய கூலியை இலவச உழைப்பு தட்டிப் பறிக்காமற் பார்த்துக்கொண்டால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். சாப்பாட்டுச் செலவும் குழுவினுடையதாகவே இருக்க வேண்டும். விருந்து வைத்தே கடன்பட்ட ஊர்களும் உண்டு.

எந்தக் குழுவானாலும் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வருவது நல்லது. அப்போது அத்திவாரம் வெட்டலாம், கல் அரியலாம், கூரையும் போடலாம். புரட்டாதி பிறந்துவிட்டால் காலபோக விதைப்பு. அதன்பின் ஊரில் அவர்களோடு நின்று வேலை செய்ய ஒருவரும் இருக்கமாட்டோம்.